இருபது புள்ளியும் இரண்டு கையுறையும்: எச்.ஐ.வி. பயிற்சியில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மருத்துவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றும்: "சட்டென்று புள்ளி கிடைக்கிற வகுப்பு ஏதாவது இருக்கா?" மலேசிய மருத்துவ மன்றத்தின் தொடர்கல்விக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் 20 புள்ளி சேரவில்லை என்றால் ஆண்டுத் தொழில் சான்றிதழைப் புதுப்பிப்பதில் சிக்கல். அதனால் ஜூன் மாதத்தில் தோல் வியாதி, முதுகுவலி, தடுப்பூசி என்று கண்ணில் படுகிற எல்லா இயங்கலை வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டு, ஒலியை அடைத்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பேஷண்ட் பார்ப்போம். மறைத்து என்ன பயன், நானும் பல வருடம் அப்படித்தான் புள்ளி சேர்த்தேன்.

போன வருடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. என் கிளினிக்கில் ஒரே நோயாளிக்கு இரண்டு தவறு நடந்தது. முதல் தவறு என்னுடையது. இரண்டாவதும் யோசித்துப் பார்த்தால் என்னுடையதுதான்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் கிளினிக். அந்த நோயாளி ஐம்பதைத் தாண்டியவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனிப்பு நீர் கட்டுப்படவில்லை என்று வந்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 9.4 விழுக்காடு. மெட்ஃபார்மினை நாளுக்கு 1,000 மி.கி.-இலிருந்து 2,000-க்கு ஏற்றிக் கொடுத்தேன். பாடப்புத்தகப்படி அதில் தப்பில்லை. இரண்டே வாரத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல், சோறு இறங்கவில்லை என்று திரும்பி வந்தார். வேறு எங்கேயாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டோலுடெக்ராவிர். பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"எப்படி டாக்டர் சொல்றது? கவுண்டர்ல எப்பவும் நாலு பேர் நிக்கிறாங்க."

டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவு ஏறக்குறைய 80 விழுக்காடு கூடிவிடும். ஆகவே இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருபது வருடமாக இனிப்பு நீருக்கு மருந்து எழுதுகிறேன்.

சரி, கோப்பில் பெரிதாக எழுதி வைத்தேன், இனிமேல் யாரும் தவறு செய்யக்கூடாது என்று. அடுத்த முறை அவர் வந்தபோது ரத்த அழுத்தம் பார்க்கப் போன எங்கள் உதவியாளர் தங்கச்சி கோப்பைப் படித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொண்டாள். கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிற வேலைக்கு. அவர் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், "மிஸி ரெண்டு கையுறை போட்டாங்க டாக்டர். பரவால்ல, பழகிப்போச்சு" என்றார். அவர் எதற்குப் பயந்து மறைத்தாரோ, சொன்ன மறுமாதமே அது நடந்துவிட்டது.

இந்த இரண்டையும் வைத்துத்தான் பயிற்சிகளை எடைபோட்டேன். ஒரு வகுப்பைப் பார்த்தால் இரண்டு கேள்வி: இதைப் படித்திருந்தால் மெட்ஃபார்மின் தவறு நடந்திருக்குமா? கையுறைத் தவறு நடந்திருக்குமா? புள்ளிக் கணக்கு மூன்றாவது. புள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் வேண்டும்.

பொது மருத்துவருக்கு இதெல்லாம் எதற்கு, எச்.ஐ.வி.யைத்தான் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்களே என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் எச்.ஐ.வி. என்றாலே போதைப்பித்தர், ஊசி, அவ்வளவுதான். அது அன்றைக்கு உண்மையும்கூட. மலேசியாவில் 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின, பெரும்பாலும் ஊசி வழியாக. 2006-இல், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கிய மூன்று இடங்களில் பினாங்கும் ஒன்று. அந்தத் திட்டமும், போதைப்பொருளுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும் சேர்ந்து நிலைமையைத் திருப்பிப் போட்டன. இப்போது வருடத்துக்குச் சுமார் 3,000 புதிய தொற்று. அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பாலுறவு வழியாக. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் முதுமை வரை வாழ்கிறார்கள். முதுமை வந்தால் இனிப்பு நீர், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் வரும். அதற்கு அவர்கள் வரிசையில் நிற்பது எங்கள் கிளினிக்கில்தான்.

முதலில் இயங்கலைப் பாடங்களைப் பார்த்தேன். காசில்லாமல் கிடைப்பதில் முழுமையானது அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் தேசிய எச்.ஐ.வி. பாடத்திட்டம். பரிசோதனை, அடிப்படை மருத்துவம், மருந்துகள், கூடவே வரும் நோய்கள், தடுப்பு, பாதிப்பு அதிகமுள்ள பிரிவினர் என்று ஆறு பெரும் பகுதி. உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி உண்டு, தவறாகச் சொன்னால் ஏன் தவறு என்ற விளக்கமும் உண்டு. இரவு ஒன்பதரைக்குக் கிளினிக் கதவை இழுத்து மூடிவிட்டு, கீழே கோப்பிக்கடையில் கட்டிக்கொடுத்த தே ஓ-வோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பாடம் முடியும். இரண்டரை மாதத்தில் எனக்கு வேண்டிய பகுதிகளை முடித்தேன்.

மெட்ஃபார்மின் கேள்விக்கு இது முழு மதிப்பெண் வாங்கும். அது மட்டுமில்லை. டோலுடெக்ராவிர் எடுப்பவருக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடித் தெரியும், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுக்கும்போது டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். இதெல்லாம் அங்கே தெளிவாகக் கிடைத்தது. சத்து மாத்திரை வாங்காத பேஷண்ட் நம் ஊரில் யார்? இரும்பு மாத்திரைச் சங்கதி ஒன்றுக்காகவே அந்த இரவுகள் தகும்.

ஆனால் அது அமெரிக்காவுக்காக எழுதிய பாடம். அங்கே முதல் வரிசையில் இருக்கிற சில மாத்திரைகள் இங்கே நம் நோயாளிகள் கைக்கு வராது. இங்கே பல வருடம் எஃபாவிரென்ஸ்தான் ஓடியது, இன்னும் அதிலேயே இருப்பவர்கள் உண்டு. அந்த மருந்து தரும் கெட்ட கனவையும் காலைத் தலைச்சுற்றலையும் அமெரிக்கப் பாடம் பழங்கதைபோலத் தொட்டுவிட்டுப் போகிறது. நம் வட்டாரத்தில் எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களுக்கு வருகிற டாலரோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்த கொப்புளமாகத் தெரியும். பினாங்கு மருத்துவருக்கு அது கண்ணில் நிற்க வேண்டிய படம். சியாட்டிலில் இருப்பவருக்கு அப்படி இல்லை. அப்புறம் காணொளிகளில் மருத்துவர் கேட்டதும் நோயாளி தன் உறவுகளை வரிசையாக ஒப்பிக்கிறார். இங்கே சட்டமும் ஊர்வாயும் இருக்கிற இருப்பில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஒரு தமிழ்ப் பையன் முதல் சந்திப்பில் அப்படியெல்லாம் வாய் திறந்துவிட மாட்டான்.

கையுறைக் கேள்விக்கு? அவமதிப்பு பற்றிப் பாடத்தில் பக்கங்கள் இருக்கின்றன. நான் படித்தேன். என் உதவியாளர் படிக்கவில்லையே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பயிற்சியே இல்லை என்றாலும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எச்.ஐ.வி. மருந்து மோதல் தளத்தைத் திறன்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துப் பெயரைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டிவிடும். இலவசம். அன்றைக்கு இது என் கையில் இருந்து, அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருந்தால், வயிற்றுப்போக்கு வந்திருக்காது. அந்தத் தளத்தில் தட்ட இரண்டு பெயர் வேண்டும், இரண்டாவது பெயர் நோயாளி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்க வைக்கிற வித்தை எந்தத் தளத்திலும் இல்லை.

அடுத்தது மாநாடுகளும் ஹோட்டல் கருத்தரங்குகளும். பெரும்பாலும் கோலாலம்பூரில். பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல், இறங்கிய இடத்தில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. இரண்டு நாளில் புள்ளி மளமளவென்று சேரும். மலேசிய எச்.ஐ.வி. மருத்துவச் சங்கமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் எய்ட்ஸ் ஆய்வு மையத்தாரும் பேசுகிற மேடை என்றால் போய் உட்காரலாம், நம் நாட்டு நிலவரம் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபாவிர் தடுப்பு ஊசியை 2025-இல் அமெரிக்கா அங்கீகரித்து, அடுத்த மாதமே உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. இந்த மாதிரிப் புதுச் செய்தி முதலில் சூடாகக் கிடைப்பது மேடையில்தான்.

மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் இரவு விருந்துக் கூட்டங்கள் வேறு ரகம். சாப்பாடு நன்றாக இருக்கும். ஒரு மாத்திரையைப் பற்றி மிக நன்றாகத் தெரிந்துகொண்டு வீடு திரும்பலாம். என் இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை.

மூன்றாவது, ஆஸ்பத்திரி தொற்றுநோய்ப் பிரிவில் சில நாள் கூடவே உட்கார்ந்து கற்பது. இதற்குத்தான் நான் நிறையச் செலவு செய்தேன், நிறைய வாங்கிக்கொண்டும் வந்தேன்.

செலவை முதலில் சொல்கிறேன். என் இடத்தில் லோக்கம் மருத்துவர் உட்கார நாளொன்றுக்கு 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது. வாரம் ஒரு நாள் வீதம் ஆறு வாரம் என்றால் 3,000 வெள்ளி போச்சு. லோக்கம் இருக்கிறார் என்று தெரிந்ததும் பழைய பேஷண்டுகள் "டாக்டர் வரட்டும், அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போனது தனிக் கணக்கு. இடம் கேட்டுக் கடிதம் எழுதி, அனுமதி வந்து சேரவே இரண்டு மாதம் ஆனது. புள்ளியோ, இரண்டு நாள் மாநாட்டில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

அங்கே நான் கற்றது நிபுணரிடம் பாதி, ஒரு மூத்த தாதியிடம் மீதி. அந்த அம்மா முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மலாய், ஹொக்கியன், தமிழ் மூன்றிலும் ஒரே மாதிரி அதட்டுவார், ஒரே மாதிரி கொஞ்சுவார். ஒரு நாள் புதிதாகத் தொற்று தெரியவந்த ஓர் இளைஞன் வந்தான். நான் மனதுக்குள் ஆங்கிலத்தில் கேள்வியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்த அம்மா கதவைச் சாத்தினார். கோப்பை மூடி ஓரமாக வைத்தார். "தம்பி, இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். உன்கிட்ட மட்டும் கேக்கல. உறவு ஆம்பளைங்களோடயா, பொம்பளைங்களோடயா, ரெண்டு பேரோடயுமா?" பையன் தலை நிமிராமல் முதல் பதிலைச் சொன்னான். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் 'சரி'யை எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது?

எனக்கு உறைத்தது இதுதான். நாம் படிக்கிற பாடமெல்லாம் ஆங்கிலத்தில், கூட்டமெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும். நோயாளியிடம் பேசுவது தமிழில். பாலுறவைப் பற்றிக் கொச்சையாகவும் இல்லாமல், அகராதித் தமிழாகவும் இல்லாமல் கேட்க என்னிடம் சொற்களே இருந்ததில்லை. ஆறு வாரத்தில் ஒரு சின்ன நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன்.

இன்னொன்று. ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டது என்று சொன்னதும், கொஞ்சம் வயதான ஒருவர் ஆவலாக, "அப்ப குணமாயிருச்சா மிஸி?" என்றார். "இல்லண்ணே. கிருமி தூங்குது, சாகல. மாத்திரையை நிறுத்துனா எந்திரிச்சிரும்." அவர் புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாக, "வீட்டுக்காரிக்கு வருமா?" என்று கேட்டார். கிருமி தூங்குகிற வரைக்கும் உறவு வழியாக வராது என்றார் அந்த அம்மா, தயங்காமல். 2019-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் 76,000-க்கு மேற்பட்ட முறை உறவு நடந்தும், மருந்தால் கிருமி அடங்கிய துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. எனக்கு ஆய்வின் எண்கள் தெரியும், படித்திருந்தேன். ஆனால் அந்த அம்மா மாதிரி 'வராது' என்று ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. 'வாய்ப்பு மிகக் குறைவு' என்று இழுத்திருப்பேன். அந்த இழுவையைத்தான் நோயாளி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

மெத்தடோன் எடுப்பவருக்கு எஃபாவிரென்ஸ் தொடங்கினால் மெத்தடோன் அளவு இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டும் என்பதைப் படித்திருக்கிறேன். அப்படி ஒருவர் நாற்காலியில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்ததை அங்கேதான் பார்த்தேன். இனி மறக்காது.

மெட்ஃபார்மின் கேள்விக்கு இந்தப் பயிற்சி நல்ல பதில். மருந்துகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இயங்கலைப் பாடமே இதைவிட முழுமை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுக்க வைப்பதற்கு இதைவிட்டால் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. கையுறைக் கேள்விக்குப் பாதிப் பதில். நான் மாறினேன், கிளினிக் அப்படியே இருந்தது.

நாலாவது வழி, திரையில் கூடி நோயாளிகளைப் பற்றிப் பேசுவது. இதற்கு மூலம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம். ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகள் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நோயாளிகளை நகர்த்துவதற்குப் பதில் அறிவை நகர்த்தினார். சிற்றூர் மருத்துவர்கள் வாராவாரம் காணொளியில் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்ல, நிபுணர்கள் வழிகாட்டினார்கள். 2011-இல் வந்த ஆய்வில் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிற்றூர்க் கிளினிக்குகளிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, 58 விழுக்காட்டை ஒட்டி. இந்த முறையை இப்போது எச்.ஐ.வி. உட்படப் பல நோய்களுக்கும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்.

நான் சேர்ந்திருப்பது அவ்வளவு பெரியதில்லை. ஒரு நிபுணர், பத்துப் பன்னிரண்டு பொது மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை இரவு ஒரு மணி நேரம். பெயர், ஊர் சொல்லாமல் ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். நான் கொண்டுபோனது, கணவருக்குத் தொற்று இருந்து தனக்கு இல்லாத, குழந்தை வேண்டும் என்கிற ஒரு பெண். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். கணவர் மருந்தை விடாமல் எடுத்து, கிருமி அளவு ஆறு மாதமாவது அடங்கியே இருந்தால் இயற்கையாகவே கருத்தரிக்கலாம். பயமாக இருந்தால் பெண் அந்தக் காலத்தில் தடுப்பு மாத்திரை, அதாவது பிரெப் எடுக்கலாம் என்று முடிவானது. அதற்குள் ஒருவர், "மாமியார் கூட இருக்காங்களா? மாத்திரை டப்பாவை எங்க வைப்பாங்க?" என்று கேட்டார். யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இதில் செலவு இல்லை, பயணம் இல்லை, லோக்கம் தேட வேண்டாம். அன்றன்றைக்கு மேசைக்கு வருகிற சிக்கலுக்கு அந்த வாரமே பதில் கிடைக்கும். குறை என்னவென்றால் அடிப்படை தெரியாமல் போனால் பாதி புரியாது. நோயாளியே இல்லாத கிளினிக்காரர் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். நாலைந்து கூட்டத்துக்குப் பிறகு சிலர் படத்தை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதும் உண்டு, பழைய ஜூன் மாதப் பழக்கம்.

பல்கலைக்கழக முதுகலை, குடும்ப மருத்துவர் கழகத்தின் தொலைக்கல்விப் பட்டயம் போன்றவற்றையும் பார்த்தேன். நல்ல படிப்புகள்தான். எச்.ஐ.வி. அவற்றில் பல அத்தியாயங்களில் ஓர் அத்தியாயம். வருடக்கணக்கில் படிக்க மனமும் வயதும் இருந்தால் படியுங்கள், இதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கடைசியாக, ஒரு புள்ளியும் தராத பயிற்சி. இதை நான் கடைசியில்தான் யோசித்தேன், முதலில் யோசித்திருக்க வேண்டும். என் கிளினிக்கில் ஐந்து பேர். நோயாளி என்னைப் பார்ப்பதற்கு முன் மூன்று பேரைப் பார்க்கிறார். அந்த மூன்று பேருக்கும் எந்த மன்றமும் புள்ளி கேட்பதில்லை, ஆகவே யாரும் வகுப்பும் நடத்துவதில்லை.

எய்ட்ஸ் சேவை அமைப்புகளில் நோயோடு வாழ்பவர்களே வந்து பேசுகிற ஏற்பாடு உண்டு. கோலாலம்பூரில் 1987-இலிருந்து இயங்கும் பி.டி. அறவாரியம், பினாங்கில் சமூக எய்ட்ஸ் சேவை மையம் போன்றவை நோயாளிகளோடு பல காலம் பழகியவை. எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பெண்மணி வந்தார், தமிழர், தொற்றோடு பதினைந்து வருடமாக வாழ்பவர். ஒரு வியாழக்கிழமை மாலை ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையைச் சாத்தினோம். பக்கத்துக் கடையிலிருந்து கறிபாப் வாங்கி வைத்தோம். அவர் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. பிரசவத்துக்குப் போன இடத்தில் தன் கட்டிலுக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து நகர்த்திவிட்டுப் போனதைச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குழந்தைக்குத் தொற்று இல்லை; இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறான். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது, மேற்கு பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடு. எங்கள் தங்கச்சிக்கு இது தெரியாது. எனக்கே அவர் சொல்லும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் நான் பத்து நிமிடம் கணக்குச் சொன்னேன். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. மஞ்சள் காமாலை (ஹெப்படைட்டிஸ்) பி-யோ, தடுப்பூசி போடாதவருக்கு 30 விழுக்காடு வரை போகும். குத்திவிட்டால் கழுவிவிட்டு உடனே என்னிடம் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் மாத்திரை. மேலே மாட்டும் இரண்டாவது கையுறையால் ரத்த அழுத்தப் பட்டைக்கு ஒரு பயனும் இல்லை. தங்கச்சி கேட்டாள், "அப்ப கோப்புல எழுதாத மத்தவங்களுக்கு நாம ஊசி எடுக்கும்போது கவனமா இல்லையா டாக்டர்?" அன்றைய வகுப்பில் அதைவிடச் சரியான கேள்வி வரவில்லை. யாருக்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே கவனம். அதோடு கோப்பின் முகப்பில் பெரிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு உள்பக்க மருந்துப் பட்டியலில் மட்டும் எழுதுகிறேன். கவுண்டருக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளையும் என் அறைக்குள் மாற்றினோம்.

கையுறைக் கேள்விக்கு முழுப் பதில் தந்தது இது ஒன்றுதான். செலவு, கறிபாப்பையும் அந்தப் பெண்மணிக்குக் கொடுத்த வழிச்செலவையும் சேர்த்து 150 வெள்ளி.

எல்லாருக்கும் இதே வரிசை பொருந்தாது. சுகாதார கிளினிக்கில் தாய்சேய்ப் பிரிவுத் தாதிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை புதிதில்லை, 1998-இலிருந்தே கர்ப்பிணிகளுக்குச் செய்து வருகிறார்கள். அவர்களுக்குப் புதிது பிரெப்தான். 2023-இல் சில அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் அது தொடங்கியபிறகு இளைஞர்கள் வந்து கேட்கிறார்கள். அவர்கள் நேரே தடுப்புப் பாடத்தையும் உறவு பற்றிக் கேட்கும் பயிற்சியையும் எடுத்தால் போதும். பிரிக்பீல்ட்ஸ், புக்கிட் பிந்தாங் பக்கம் தனியார் கிளினிக் வைத்திருப்பவருக்கு வாரத்தில் பலர் பிரெப் கேட்டு வரலாம், அவருக்குத் திரைக்கூட்டம் உடனே வேண்டும். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு லிவர்பூல் தளமும் மருந்துப் பாடங்களும் முதலில். பல் மருத்துவருக்குக் கையுறைப் பாடம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப்போல் வருடத்துக்கு நாலைந்து நோயாளிகளை மட்டும் பார்க்கும் பேட்டைக் கிளினிக்காரர் கைக்காசைப் போட்டு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டுமா என்றால், ஆறு வாரம் அதிகம். இரண்டு நாள் உட்கார்ந்தாலே அந்தத் தாதியம்மாவின் 'சரி' காதில் விழுந்துவிடும்.

நான் மறுபடி தொடங்குவதாக இருந்தால் முதல் மாதத்திலேயே கிளினிக் ஆட்களை உட்கார வைப்பேன். பிறகு இயங்கலையில் மருந்து, தடுப்பு இரண்டு பகுதி மட்டும். அது முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். புதன்கிழமைக் கூட்டம் வருடம் முழுக்க. மாநாடு, புள்ளி குறைந்தால் மட்டும்.

அவர் இப்போதும் வருகிறார். மெட்ஃபார்மின் 1,000 மி.கி.யோடு வேறொரு மாத்திரை சேர்த்திருக்கிறேன், சராசரி 7.6-க்கு இறங்கியிருக்கிறது. கொழுப்பு மருந்து ஒன்று தொடங்க வேண்டும், எதை என்று அடுத்த புதன்கிழமை கேட்க எழுதி வைத்திருக்கிறேன். ஜூலை பிறந்தால் புள்ளிக் கணக்கு மறுபடி பூச்சியம். ஆஸ்பத்திரியில் உட்கார இரண்டு நாளுக்கு அனுமதி வந்துவிட்டது, லோக்கம்தான் இன்னும் கிடைக்கவில்லை.